ஒரு குழந்தைக்கு எத்தனை வாசல்கள்

மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தை. அதற்கு வேண்டிய பரிசோதனை சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. அடையாள அட்டையும் மாத உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம். பள்ளிக்குச் சிறப்பாசிரியரை அனுப்புவது கல்வித் துறை. மருத்துவக் காப்பீடு தருவது மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை. பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒரு குழு.

தமிழ்நாட்டில் இத்தனையும் இருக்கின்றன. ஒரு வாசலில் நிற்பவரை அடுத்த வாசலுக்குக் கூட்டிப்போக ஆள்தான் இல்லை. அந்த வேலை பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழுகிறது. வேலையை விட்டவர்கள், ஊரையே மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. எந்தத் துறையிடம் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், அலைச்சலில் கரையும் மாதங்களில் சிலவற்றையாவது குழந்தைக்கு மீட்டுக் கொடுக்கலாம்.

முதலில் கரைவது, காத்திருப்பில். “ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்”, “அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் நான்கைந்து மாதத்திலும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை, ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் ஒரு சொல் வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பேச்சு தாமதமானால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிப்பார்கள். கேட்காத குழந்தையை ஆட்டிசம் என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா? இன்னொன்றையும் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆட்டிசமா, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடா, மூளை முடக்குவாதமா என்று உறுதியாகச் சொல்ல மருத்துவருக்கே காலம் பிடிக்கலாம். பயிற்சி தொடங்க அந்தப் பெயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உட்காராத குழந்தைக்கு உட்காரவும் பேசாத குழந்தைக்குப் பேசவும் இன்றே பழக்கத் தொடங்கலாம்.

எங்கே தொடங்குவது? 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் கண்டறியும் குழந்தைகளை அனுப்பும் இடம், மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையம். அரசு மருத்துவமனை ஊழியர்கள் ‘டி.இ.ஐ.சி.’ என்பார்கள். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதே அதன் நோக்கம். கட்டணம் கிடையாது. தனியார் தெரபி மையத்தில் முன்பணம் கட்டுவதற்கு முன், அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இந்த மையத்தைக் கேட்டு விசாரிப்பது நல்லது. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகள் உள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. வெளி மாவட்டக் குடும்பங்களும் அங்கே வருகின்றன.

ஆனால் வாரம் மூன்று நாள் பயிற்சி, ஒவ்வொரு முறையும் இரண்டு பேருந்து மாறி வர வேண்டும் என்றால் எந்தக் கூலித் தொழிலாளியால் முடியும்? இந்தக் கேள்விக்குத் தென்காசி மாவட்டத்தில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரிகள் தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 1981-ல் அவர் ஆய்க்குடியில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பட்டயக் கணக்காளர் சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்துகொண்டார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தச் சங்கம் குழந்தையை மையத்துக்கு இழுக்காமல் மையத்தை வீட்டுக்கு அனுப்பியது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாக ஆக்கினார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய், எந்த அசைவைப் பழக்க வேண்டும், எப்படிச் சோறூட்ட வேண்டும், எப்படிப் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று தாய்க்கும் பாட்டிக்கும் சொல்லித் தருகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். சிறப்பு வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டுகிறார்கள். வல்லுநர் குறைவாகவும் கிராமங்கள் அதிகமாகவும் இருக்கும் மாநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்கிறதா என்று தெரியவில்லை.

சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையமும் தாயைக் குழந்தையோடு உட்கார வைத்தே பயிற்சி தருகிறது. காரணம் எளிது. பயிற்சியாளர் குழந்தையோடு இருப்பது வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மிச்ச நேரம் முழுவதும் அது வீட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது அட்டை. இது இல்லாமல் மற்ற கதவுகள் பெரும்பாலும் திறக்காது. 1995-ன் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது அப்போதுதான். ‘யு.டி.ஐ.டி.’ எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையிலோ சிறப்பு முகாமிலோ குழந்தையைக் காட்ட வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது எல்லைக்கோடு. மதிப்பீடு நடக்கும் அந்த அரைமணி நேரத்தில் புது இடத்தைப் பார்த்துக் குழந்தை அழலாம், மிரண்டு ஒளிந்துகொள்ளலாம். வீட்டில் அது நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டும் வீடியோ, பழைய மருத்துவச் சீட்டுகள், ஆசிரியர் எழுதித் தந்த குறிப்பு ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் மருத்துவருக்கும் உதவி, பெற்றோருக்கும் நிம்மதி. சின்ன வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் அபாயம் உண்டு. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; அட்டை வாங்கியதும் பணம் தானாக வந்துவிடாது.

பள்ளி விஷயத்தில் சட்டம் குடும்பத்தின் பக்கம் உறுதியாக நிற்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுக்கலாம். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது. “இந்தப் பிள்ளைய எங்களால பாத்துக்க முடியாது” என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்ய அந்தக் காகிதம் ஒன்று போதும். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கே வர முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி தரும் ஏற்பாடும் உண்டு. பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடினால் நடக்காது.

பணம் சார்ந்த சில உதவிகள் பலருக்குத் தெரிவதே இல்லை. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் இதில் சேரலாம். சேரும்போது உடல் பரிசோதனை கேட்பதில்லை. தெரபிச் செலவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பழைய முறையில் வருமான வரி கட்டுவோருக்கு 80-டிடி பிரிவின் கீழ் 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு கிடைக்கும்.

செலவைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் அவசியம். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரம் செய்கிறார்கள். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அந்த வாசலுக்குப் போக வேண்டாம்.

பதினெட்டு வயது ஒரு பெரிய திருப்பம். அந்த நாளிலிருந்து பெற்றோர் சட்டத்தின் பார்வையில் தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழு அந்தப் பொறுப்பை வழங்குகிறது. வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போதுதான் இதன் தேவை குடும்பத்துக்குப் புரிகிறது. அதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. இயன்முறை, பேச்சு, தொழில்வழி, உளவியல் சேவைகளை மக்கள் வசிக்கும் இடத்துக்கு அருகே கொண்டுவருவது நல்ல முயற்சி. அதில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் சந்தேகம் எழுந்த நாளிலிருந்து பாதுகாவலர் ஆணை கிடைக்கும் வரை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே பொறுப்பாளர், அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும். துறைகளுக்கு இடையே கோப்பைச் சுமக்க வேண்டியவர் அவர், தாய் அல்ல.

அது வரும் வரை பெற்றோர் ஒரு கோப்பை எப்போதும் தயாராக வைத்திருக்கட்டும். எல்லாச் சான்றுகளின் நகல், புதுப்பிக்க வேண்டிய தேதி, எந்த அலுவலகத்தில் யாரிடம் என்ன கொடுத்தோம் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். அதே பகுதியில் இப்படிப்பட்ட குழந்தையை வளர்க்கும் இன்னொரு தாயைத் தேடிப் பிடியுங்கள். எந்த மேசையில் எந்தத் தாள் கேட்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். விண்ணப்பம் எங்காவது முடங்கிக் கிடந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.