சேவலில் வென்றவர் இலையில் தோற்றார்: கோபிக்கு ஓர் ஆய்வாளர் வேண்டும்

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களுக்குத் தேர்தல் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. கே.ஏ.செங்கோட்டையன் 1977-ல் சத்தியமங்கலத்தில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். பிறகு கோபிக்கு வந்து 1980, 1984, 1989, 1991, 2006, 2011, 2016, 2021 என எட்டு முறை வென்றார். நடுவில் 1996-ல் தி.மு.க.வின் ஜி.பி.வெங்கிடுவிடம் தோல்வி. 2025 நவம்பரில் எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிட்டு, விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்துவிட்டார்.

இந்த வரிசையில் 1989-ஐ மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். மறைந்து, அ.தி.மு.க. இரண்டாகி, இரட்டை இலை முடங்கிக் கிடந்த தேர்தல் அது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். செங்கோட்டையன் சேவலில் நின்று ஜெயித்தார். ஏழு வருடம் கழித்து, இலை கையில் இருந்தும் தோற்றார். அப்படியென்றால் கோபி ஓட்டுப் போட்டது சின்னத்துக்கா, ஆளுக்கா, சாதிக்கா, வாய்க்கால் தண்ணிக்கா? 1996-ல் வீசியது மாநிலம் முழுக்க அடித்த அலை, அதில் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அலை எல்லா பூத்திலும் ஒரே உயரத்துக்கு அடிப்பதில்லை. அரசியல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவருக்கு இதைவிட நல்ல கேள்வி லேசில் அமையாது.

தமிழ்நாட்டு அரசியலை இப்படிக் கேள்வி கேட்டு எழுதப்பட்ட புகழ்பெற்ற ஆய்வேடுகளில் பல வெளியூரிலிருந்து வந்தவை. மார்கரீட் ராஸ் பார்னெட் அவர்களில் முக்கியமானவர். 1942-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினப் பெண். விஞ்ஞானி ஆக வேண்டும் என்றுதான் கல்லூரிக்குப் போனார். அங்கே இந்திய அரசியல் பற்றிப் படித்த ஒரு பாடம் அவரைத் திசை திருப்பிவிட்டது. ஆன்டியாக் கல்லூரியில் 1964-ல் இளநிலை, சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1966-ல் முதுநிலை. அதன்பின் இரண்டு ஆண்டுகள் தமிழ்நாட்டில் கள ஆய்வு. வந்த காலமும் வாய்த்தது. 1967-ல் காங்கிரஸைத் தோற்கடித்து தி.மு.க. ஆட்சியைப் பிடித்திருந்த சூடு ஆறாத நேரம். 1972-ல் முனைவர் பட்டம் பெற்றார். தென்னிந்தியாவின் பண்பாட்டுத் தேசியம் பற்றிய அவருடைய நூலை 1976-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. திராவிட இயக்கம் பற்றி எழுத உட்காருகிறவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. பின்னாளில் 1990-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1992-ல், 49 வயதில் காலமானார்.

குடிமை உரிமைப் போராட்டக் காலத்து அமெரிக்காவில் வளர்ந்த ஒரு கறுப்பினப் பெண், பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் இன்னொரு சமூகத்துக்குள் வந்து, ‘தமிழன்’ என்ற ஒரே அடையாளத்தின் கீழ் கூட்டம் எப்படித் திரண்டது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவருடைய வாழ்க்கைக்குப் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

நம் பக்கத்துக்கு நெருங்கி வந்தவர் பிரெண்டா பெக். அவர் படித்தது மானுடவியல். ஆக்ஸ்ஃபோர்டு முனைவர் பட்டத்துக்காக 1964 முதல் 1966 வரை காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கினார். வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகளை வைத்துக் கொங்குச் சமூகத்தைப் பற்றி எழுதிய நூல் 1972-ல் வந்தது. கூடவே அண்ணன்மார் கதையை முழுக்க ஒலிப்பதிவு செய்தார். விடிய விடிய உடுக்கடித்துப் பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதைப் பதிந்து வைக்கத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

வெளியாளுக்கு ஒரு சலுகை உண்டு. எதையும் கேட்கலாம், ஊர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும். உள்ளூர்ப் பிள்ளைக்கு அது கிடைக்காது. நோட்டை எடுத்துக்கொண்டு நம்பியூர்ப் பக்கம் ஒரு திண்ணையில் போய் உட்கார்ந்தால், முதல் கேள்வி வீட்டுக்காரரிடமிருந்துதான் வரும். “ஏனுங் அம்மணி, எந்தூருங்? ஆரு வூட்டுப் புள்ளைங்க நீங்க?” பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் கல்விப் பின்னணி என்று ஒரு பத்தி எழுதியிருப்பார் அந்த ஆய்வு மாணவி. இங்கே கேட்கப்படுவது வேறு பின்னணி. அதற்குச் சொல்கிற பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த ஒரு மணி நேரப் பேச்சு. அவர் கவுண்டர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அருந்ததியர் தெருவில் ஒருவிதப் பதில். அருந்ததியர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் தோட்டத்துக் களத்தில் இன்னொருவிதப் பதில். சில களங்களில் பதிலே கிடைக்காது. ஆய்வு முறையியல் பாடத்தில் இதற்கு ஓர் அத்தியாயம் இருக்கலாம். களத்தில் இதுதான் பாதி வேலை.

மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று சொல்வது படிவம் 20. சமீபத்திய தேர்தல்களின் படிவங்கள் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆனால் எண்ணுக்கு உயிர் கொடுப்பது பூத் ஏஜென்டின் வாக்காளர் பட்டியல்தான். நாலாக மடித்து, ஓரம் நைந்து, பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் டிக், சுழி, கேள்விக்குறி என்று போட்டு வைத்த பட்டியல். எந்த வீட்டில் மாமனார் ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி, யார் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஓட்டுக்கு மட்டும் வருவார் என்பதெல்லாம் அந்தக் குறிகளில் இருக்கிறது. தேர்தல் முடிந்ததும் பல பட்டியல்கள் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடுகின்றன. ஆய்வு மாணவி முதலில் பிடிக்க வேண்டியது தலைவர்களை அல்ல, இந்த ஏஜென்டுகளை.

தண்ணீரையும் விட்டுவிடக் கூடாது. கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பழைய பாசனக்காரருக்கும், 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையின் கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை, இரட்டைப்படை மதகு என முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிறவருக்கும் அரசியல் ஒன்றல்ல. பாசன வரைபடத்தைப் பூத் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? பார்க்க வேண்டும்.

காசு இல்லாமல் இதெல்லாம் நடக்காது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பின் 42,000. கிடைக்காதவர்கள் எங்காவது வேலை பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். “அதைப் படிச்சு என்ன உத்தியோகம்ங்க?” என்று வீட்டில் கேட்பார்கள். இன்ஜினீயரிங்குக்கும் நர்சிங்குக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய ஊரில் அது நியாயமான கேள்விதான்.

ஆறு ஆண்டை முழுசாக எடுத்துக்கொள்ள நினைக்கிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். 1989 ஜனவரியில் தமிழ்நாடு ஓட்டுப் போட்டபோது வாக்குரிமை வயது இன்னும் 21. அது 18 ஆனது இரண்டு மாதம் கழித்துத்தான். சேவலில் முதல் ஓட்டுக் குத்தியவருக்கே இப்போது வயது அறுபதை நெருங்குகிறது. அன்றைக்குச் சுவரில் அந்தச் சேவலை வரைந்தவர்களும், அதை அழிக்கப் போனவர்களும் அவரைவிட மூத்தவர்கள். தொகுதி மொத்தக் கணக்கைத் தேர்தல் ஆணையத்தின் அறிக்கையில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இவர்களிடம் முதல் வருடமே போய்விட வேண்டும்.