பத்து ரூபாய்க்கு 19.5 கிராம்

இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் உடற்பருமன் கொண்டவர்கள் 1990இல் 4 லட்சம் பேர், 2022இல் 1.25 கோடிப் பேர். இதில் ஆண் குழந்தைகள் 73 லட்சம், பெண் குழந்தைகள் 52 லட்சம். 'லான்செட்' இதழில் 2024இல் வெளியான மதிப்பீடு இது. இதே 32 ஆண்டுகளில் உலக எண்ணிக்கை 3.1 கோடியிலிருந்து 15.9 கோடியானது. உலகில் 5 மடங்கு, இங்கே 31 மடங்கு. 1990இல் உலகின் பருமனான குழந்தைகளில் இந்தியாவின் பங்கு 1.3 சதவீதம், 2022இல் 7.9 சதவீதம். தொடக்க எண் மிகச் சிறியதாக இருந்தால் மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் 1.25 கோடி என்பது எந்த அளவுகோலிலும் சிறிய எண் ஆகாது.

ஐந்து வயதுக்குட்பட்டோர் கணக்கு வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உயரத்துக்கு மீறிய எடை கொண்ட குழந்தைகள் நாடு முழுவதும் 2015-16இல் 2.1 சதவீதம், 2019-21இல் 3.4 சதவீதம். தமிழ்நாட்டில் இது 5.0 சதவீதத்திலிருந்து 4.3 சதவீதமாகக் குறைந்தது. குறைவு பதிவான மாநிலங்கள் மிகச் சில. இருந்தும் இதை வெற்றி என எழுத எனக்குத் துணிவில்லை. 0.7 புள்ளி வேறுபாடு மாதிரி ஆய்வின் பிழை வரம்புக்குள் அடங்கிவிடலாம். மேலும், அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் மிகை எடை அல்லது பருமன் கொண்டோர் 30.9 சதவீதத்திலிருந்து 40.4 ஆகவும், ஆண்களில் 28.2 சதவீதத்திலிருந்து 37.0 ஆகவும் உயர்ந்துள்ளனர். நான்கு வயதுக் குழந்தை ஒன்று சாப்பிடுவது இந்தப் பெரியவர்கள் சாப்பிடும் அதே அடுப்படியில்தான்.

கணக்கேட்டின் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில் 5-9 வயதினரில் 23 சதவீதமும் 10-19 வயதினரில் 24 சதவீதமும் மெலிந்தவர்கள். மிகை எடை கொண்டவர்கள் முறையே 4, 5 சதவீதம். மிகை எடை கொண்ட ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ ஐந்து மெலிந்த பிள்ளைகள். ஆனால் அதே ஆய்வு, வளரிளம் பருவத்தினரில் 10 சதவீதம் பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை இருப்பதாகவும் சொல்கிறது. மிகை எடை கொண்ட 5 சதவீதம் பேர் அனைவருக்கும் அந்நிலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மீதி 5 சதவீதம் பேர் எடை மிகாத பிள்ளைகள். ஒல்லியாக இருக்கிறான், என்ன கொடுத்தாலும் ஒட்டாது என்று வீடுகளில் சொல்லப்படுவதை இந்த எண் ஆதரிக்கவில்லை.

இனி ஒரு குழந்தையின் ஒரு நாள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையில் 7-9 வயதுக் குழந்தையின் தினசரி ஆற்றல் தேவை 1,700 கிலோகலோரி. வெளியிலிருந்து சேரும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். சர்க்கரை 1 கிராமுக்கு 4 கிலோகலோரி. எனவே நம் குழந்தைக்கு மேல்வரம்பு 42.5 கிராம், விரும்பத்தக்க வரம்பு 21.25 கிராம். தேக்கரண்டிக்கு 5 கிராம் என்றால் எட்டரைக் கரண்டியும் நாலேகால் கரண்டியும்.

காலையில் பாலில் 20 கிராம் சத்துமாவு பானத் தூள். இத்தகைய தூள்கள் சிலவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை, எனவே சுமார் 6.5 கிராம். அதன்மேல் ஒரு கரண்டி சர்க்கரை, 5 கிராம். இண்டர்வெல்லில் 50 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட். 100 கிராமுக்கு 25 கிராம் வீதம் 12.5 கிராம். மாலைத் தேநீரில் ஒரு கரண்டி, 5 கிராம். இவை சேர்ந்து 29 கிராம், அதாவது 116 கிலோகலோரி, நாளின் ஆற்றலில் 6.8 சதவீதம். மேல்வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

இடையில் வருகிறது பள்ளி விடும் நேரம். வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் ₹5, ₹10 பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. தரையோடு வைத்த குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவு சரியாக ஒன்பது வயதுப் பிள்ளையின் கண் உயரம். அதில் 150 மில்லிலிட்டர் மாம்பழப் பான அட்டைப்பெட்டி ஒன்று, விலை ₹10 எனக் கொள்வோம். பெட்டியின் பின்பக்க அட்டவணையில் சர்க்கரை அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 100 மில்லிலிட்டருக்கு 13 கிராம் என எடுத்துக்கொள்கிறேன். மாம்பழக் கூழின் சொந்தச் சர்க்கரையும் இதில் அடக்கம். பழச்சாற்றின் சர்க்கரையையும் மேற்படி வழிகாட்டுதல் வரம்புக்குள்தான் எண்ணுகிறது. ஆக 19.5 கிராம். நாளின் மொத்தம் 48.5 கிராம், 194 கிலோகலோரி, 11.4 சதவீதம். ஒரே பாக்கெட்டில் வரம்பு தாண்டியாயிற்று.

இது மிகைப்படுத்திய கணக்கா என்று சரிபார்க்க ஓர் எண் இருக்கிறது. பள்ளிகளில் சர்க்கரை விழிப்புணர்வுப் பலகை வைக்கச் சொல்லி மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதம் அனுப்பிய சுற்றறிக்கை, 4-10 வயதுக் குழந்தைகளின் தினசரி ஆற்றலில் 13 சதவீதமும் 11-18 வயதினரில் 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருவதாகக் குறிப்பிடுகிறது. என் கணக்கு அந்த 13 சதவீதத்தைவிட 1.6 புள்ளி குறைவு.

அந்த 19.5 கிராமின் ஆண்டுக் கணக்கு இது. வாரம் 5 நாள், 40 வாரம், 200 பாக்கெட்டுகள்: செலவு ₹2,000, சர்க்கரை 3.9 கிலோ, ஆற்றல் 15,600 கிலோகலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கிலோகலோரி என்ற பழைய வாய்பாட்டில் இது 2 கிலோவுக்குச் சமம். வளரும் உடல் இப்படி நேராகச் சேர்த்து வைப்பதில்லை. பசியும் செலவும் தம்மைத் திருத்திக்கொள்ளும். எனவே இதை மேல் எல்லையாக மட்டும் கொள்ளலாம்.

ஓடியாடினால் கரைந்துவிடும் என்பார்கள். 25 கிலோ எடையுள்ள குழந்தை 1 கிலோமீட்டர் நடக்க, ஓய்வில் செலவாவதற்கு மேல், ஏறத்தாழ 20 கிலோகலோரி ஆகும். பாக்கெட்டில் உள்ளது 78. குடிக்க இரண்டு நிமிடம், ஈடுகட்டக் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். விளையாட்டு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை: இதயம், எலும்பு, தூக்கம், மனம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 5-17 வயதினருக்கு நாளுக்கு 60 நிமிடம், வாரத்துக்கு 420 நிமிடம் என்பது பரிந்துரை. 2016 தரவுகளின்படி 11-17 வயதினரில் உலக அளவில் 81 சதவீதம், இந்தியாவில் 73.9 சதவீதம் பேர் இதை எட்டவில்லை. வாரம் இரண்டு பி.டி. பீரியட், ஒன்று 45 நிமிடம் என்றால் பள்ளி தருவது 90 நிமிடம், தேவையில் 21 சதவீதம். தேர்வு நெருங்கும்போது அந்த இரண்டையும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது நாம் அனைவரும் அறிந்ததே. அப்போது அது 0 சதவீதம்.

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் கவலைப்படுவது வரிக் கணக்கு பற்றி. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு-சேவை வரி மாற்றத்தில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பொட்டலக் காரவகைகளுக்கு 12இலிருந்து 5. வரிக்கு முன் ₹100 பெறும் பிஸ்கட் ₹118இலிருந்து ₹105 ஆகிறது, 11 சதவீதம் மலிவு. வாயு நிரப்பிய குளிர்பானங்களுக்கோ 40 சதவீதம். முன்பும் 28 சதவீத வரியும் 12 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்ந்து அதே 40தான். வாயு நிரப்பாத பழச்சாறு பானங்களுக்கு 12இலிருந்து 5 சதவீதம்.

கோலாவில் 100 மில்லிலிட்டருக்குச் சர்க்கரை ஏறத்தாழ 10.6 கிராம். நம் மாம்பழப் பானத்தில் 13 கிராம். ₹10க்கு விற்கும் வாயு பானத்தில் அரசுக்குப் போவது ₹2.86, ₹10 மாம்பழப் பானத்தில் 48 காசு. சர்க்கரை கூடுதலான பானத்துக்கு ஆறில் ஒரு பங்கு வரி. இங்கே வரி குமிழியைப் பார்க்கிறது, சர்க்கரையைப் பார்க்கவில்லை. வீட்டு மளிகைச் செலவு குறைய வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது, பலருக்கு அது உதவியும் இருக்கும். ஆனால் ஒரே 5 சதவீதத்தில் இந்தப் பானமும் வந்து சேர்ந்ததற்குக் குழந்தையின் உடல் விலை கொடுக்கும்.

மெக்சிகோ 2014 ஜனவரி 1 முதல் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி விதித்தது, ஏறத்தாழ 10 சதவீதம். கொள்முதல் முதல் ஆண்டில் 5.5 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 9.7 சதவீதமும் குறைந்தது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் கிராமை வைத்தே வரிப்படி அமைத்தது: 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்குக் கீழ் வரியில்லை, 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் 24 பென்ஸ். நிறுவனங்கள் வரி கட்டுவதைவிடச் சர்க்கரையைக் குறைப்பதையே தேர்ந்தெடுத்தன. வரிக்கு உட்படத்தக்க பானங்களில் 5 கிராமைத் தாண்டியவை 2015இல் பாதியளவு. 2019இல் 15 சதவீதம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுச் சிறுமிகளிடையே பருமன், வரி இல்லாதிருந்தால் எதிர்பார்த்த அளவைவிட 8 சதவீதம் குறைந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. சிறுவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றாது என்பதற்கும் அதே ஆய்வு சான்று.

அரசு கொடுக்கும் பக்கத்தில் தமிழ்நாட்டுக் கணக்கு வலுவானது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் குழந்தைகளுடன் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் 31,008 அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. சத்துணவில் வாரத்துக்கு 5 முட்டை, முட்டைக்கு 6 கிராம் வீதம் 30 கிராம் புரதம். ₹10 பானத்தில் புரதம் ஏறத்தாழ 0. பள்ளிக்குள் இவ்வளவு செய்கிற அரசின் கை, வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பொருள்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்பது 2020 முதலே மத்திய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் உள்ளது. 50 மீட்டர் என்பது ஒரு பெரியவரின் எழுபது எட்டு. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலிலிருந்து நடந்து எண்ணிப் பாருங்கள்.

பருமனான வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வளர்ந்த பின்னும் பருமனாகவே இருக்கிறார்கள் என்பது 2016இல் வெளியான தொகுப்பாய்வின் முடிவு. நாட்டில் நீரிழிவு கொண்ட பெரியவர்கள் ஏற்கெனவே 10.1 கோடி. சரக்கு-சேவை வரி மன்றம் அடுத்த முறை பானங்களின் பட்டியலைத் திறக்கும்போது, வாயு இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்க வேண்டும். அந்த எண் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்புறத்திலும் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது.