பன்னீர் வாலையும் அதன் தூய்மையும்

நம் மணவிழாக்களில் தெளிக்கப்பெறும் பன்னீர், அரபுலகம் பேணி வளர்த்த வடித்தற் கலையின் விளைவாகும். கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்கிந்தியின் பெயரால் வழங்கும் நறுமண நூல் இக்கலையை விரித்துரைக்கிறது. அல்அன்பீக் என்னும் வாலையின் பெயர் ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்தது. ஈரானில் காஷானை அடுத்த கம்ஸரில் இன்றும் செப்பு வாலைகளில் பன்னீர் வடிக்கின்றனர்.

இல்லத்தில் சிறு வாலை அமைக்க விழைவோர் முதலில் கருத வேண்டியது தூய்மையே. செம்பு வெப்பத்தைச் சீராகப் பரப்பும். ஆயினும் ஈரம் தங்கினால் நச்சுக் களிம்பு பிடிக்கும். இணைப்புகளில் காரீயம் கலந்த பற்றவைப்பு அறவே கூடாது. அத்தகைய வாலையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

புதிய வாலையைக் கழுவியபின், நீருடன் சிறிது வினிகர் கலந்து கொதிக்கவைத்து, ஆவியைக் குழாய் முழுதும் செலுத்தி, வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். பின்னர் வெறும் நீரால் மீண்டும் அவ்வாறே செய்க. கசிவுகளும் அப்போதே புலப்படும்.

நீரும் இதழும் கலத்தில் மூன்றில் இரு பங்கைத் தாண்டலாகாது. இதழ்கள் குழாயை அடைத்தால் ஆவி வழியின்றிக் கலம் வெடிக்கக்கூடும். ஆதலின் மூட்டுவாய்களை மாவுப் பசையால் மட்டுமே அடைக்க வேண்டும். அழுத்தம் மிகின் அது விலகி வழிவிடும். வடித்து முடிந்து ஆறியதும் கழுவி, ஈரமற உலர்த்துக.

நறுமணம் நஞ்சையும் மறைத்துவிடும். மலரைத் தேர்வதற்கு முன் கலத்தைத் தேர்வதே அறிவுடைமை.