அந்தி நேரத்து ஆற்றுப்படை: பினாங்கு நகர உலாவும் விருந்தும்

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வழியைக் கூறி நெறிப்படுத்துவது அவ்விலக்கிய வகையின் அமைப்பு. வழியைச் சொல்லும் புலவர், வழியில் கிடைக்கும் உணவைச் சொல்ல மறப்பதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் ஓர் உணவு, ஆயர் குடிலில் ஓர் உணவு, உழவர் மனையில் ஓர் உணவு, வலைஞர் குடியில் ஓர் உணவு என நிலம் மாறுந்தோறும் விருந்தும் மாறுகின்றது. ஒரு மக்களை அறிய அவர்தம் வாழிடத்தைக் கண்டால் மட்டும் போதாது. அவர்தம் உணவையும் உண்டறிதல் வேண்டும் என்பது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் உட்கிடை எனலாம்.

இத்தொன்மையான நெறி இன்று வேறொரு பெயரில் உலகெங்கும் வழங்கி வருகின்றது. தில்லியின் பழைய நகரான ஷாஜகானாபாத்திலும், இஸ்தான்புல்லிலும், இன்னும் பல வரலாற்று நகரங்களிலும் மாலைநேர நடைச் சுற்றுலாக்கள் நடைபெறுகின்றன. வழிகாட்டி ஒருவர் ஒரு சிறு குழுவைத் தெருத்தெருவாக அழைத்துச் சென்று, கட்டடங்களின் வரலாற்றை விளக்கி, இறுதியில் அவ்வூர் உணவகம் ஒன்றில் இரவு விருந்தோடு நிறைவு செய்வார். இவ்வகை உலாவின் இயல்பையும் பயனையும், நம் முன்னோர்தம் சுவடு பதிந்த பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாலையும் நடையும்

இவ்வுலாவுக்கு மாலைப் பொழுதைத் தேர்வதற்குக் காரணங்கள் உண்டு. பினாங்கு வெப்பமண்டலத் தீவு. நண்பகலில் அங்கே நடப்பது அரிது. அஸர் தொழுகைக்குப் பின் வெயில் தணிகின்றது. சூரியன் மறைய மாலை ஏழு மணியைக் கடந்துவிடும். ஐந்தரை மணியளவில் புறப்படும் குழுவுக்கு இரண்டு மணி நேர வெளிச்சம் கிட்டும். மேலும், ஒரு நகரம் தன் இயல்பான முகத்தைக் காட்டுவதும் அப்பொழுதில்தான். கடைகளில் விளக்கேற்றுவோர், கோயிலில் மணியடிப்போர், பள்ளிவாசலில் ஒளூச் செய்வோர், அடுப்பைப் பற்றவைப்போர் என அனைவரையும் ஒருசேரக் காணலாம். மதுரை நகரின் அல்லங்காடியையும் இரவு வாழ்வையும் யாமம் யாமமாகக் காட்டிய மாங்குடி மருதனார் இவ்வுண்மையை நன்கறிந்தவர்.

ஊர்தியில் செல்வோர் நகரைப் பார்க்கின்றனர். நடந்து செல்வோர் அதனைப் படிக்கின்றனர். ஜார்ஜ் டவுன் நகரின் கடைவீடுகளுக்கு முன்னே, கூரையிட்ட நடைவழி ஒன்று தெரு நெடுகத் தொடர்ந்து செல்லும். ஐந்தடிப் பாதை என்பது அதன் பெயர். கீழே வணிகமும் மேலே குடும்பமுமாக வாழ்ந்த அவ்வீடுகளின் தச்சுவேலை, சாளரம், பெயர்ப்பலகை ஆகியவற்றை அப்பாதையில் நடப்பவரே அருகிருந்து காண இயலும்.

குழுவில் பொதுவாகப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வழிகாட்டியின் குரல் அனைவருக்கும் கேட்கவேண்டும். ஐயம் எழுந்தால் வினவ இடமிருக்கவேண்டும். மலேசியாவில் இத்தொழிலுக்கு அரசின் உரிமம் வேண்டும். வழிபாட்டிடங்களில் நுழைவதற்குத் தகுந்த உடை, தொழுகை நேரத்தில் ஒதுங்கி நிற்றல், இசைவு பெறாது ஒருவரைப் படம் எடுக்காமை ஆகியவை முதலிலேயே அறிவுறுத்தப்படும். மஃரிபு பாங்குக்கு முன்னரே பள்ளிவாசலைப் பார்த்து முடிக்குமாறு வழியை வகுப்பது தேர்ந்த வழிகாட்டியின் அடையாளம்.

ஒரே தெருவில் பல சமயங்கள்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கும்பெனியின் சார்பில் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கினார். வணிகர் பல நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தனர். அவர்தம் வழிபாட்டிடங்கள், முன்பு பிட் தெரு எனப்பட்ட இன்றைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலும் அதனை ஒட்டியும் அமைந்துள்ளன. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்திற்குள் அனைத்தையும் கண்டுவிடலாம்.

வடக்கே 1818ஆம் ஆண்டைச் சேர்ந்த புனித ஜார்ஜ் தேவாலயம். அடுத்து, 1800ஐ ஒட்டிச் சீனர் எழுப்பிய குவான் யின் கோயில். அதன் அருகில் குயின் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். அதனைக் கடந்தால் 1801ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தெற்கே மேலும் நடந்தால், அச்சே நாட்டிலிருந்து வந்த அரபு வணிகர் செய்யிது ஹுசைன் 1808ஆம் ஆண்டில் நிறுவிய பள்ளிவாசல். கப்பற் காலத்தில் ஹஜ்ஜுப் பயணிகள் அப்பகுதியில் தங்கியே மக்காவுக்குப் புறப்பட்டனர். அதனால் இரண்டாம் ஜித்தா என்னும் பெயரும் அவ்விடத்துக்கு வழங்கியது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் முன் நம் மாணவர் சிறிது நேரம் நிற்றல் வேண்டும். கப்பித்தான் என்பது ஒவ்வொரு சமூகத்துக்கும் ஆங்கிலேயர் அமர்த்திய தலைவரைக் குறிக்கும். கெலிங் என்பது கலிங்கம் என்னும் சொல்லின் வழிவந்ததாகக் கருதப்படுகின்றது. தென்னிந்தியரைக் குறித்த அப்பழஞ்சொல் பிற்காலத்தில் இழிசொல்லாகத் திரிந்துவிட்டது. எனினும் வரலாற்றுப் பெயராகப் பள்ளிவாசலில் நிலைத்துள்ளது. அத்தலைவர் காதர் முகைதீன் மெரிக்கான் என்னும் தமிழ் முஸ்லிம் வணிகர். மெரிக்கான் என்பது நம் மரைக்காயர் என்பதன் திரிபேயாகும். 1801ஆம் ஆண்டில் பினாங்கின் துணைநிலை ஆளுநராக இருந்த ஜார்ஜ் லீத் பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலத்தை வழங்கினார். அந்நிலத்தில் பள்ளிவாசலோடு ஒரு குடியிருப்பே வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊடே சாலைகள் போடப்பட்டன; வீடுகள் பல அகன்றன. இன்று நாம் காணும் குவிமாடங்கள் அந்நூற்றாண்டில் விரிவுபடுத்தப்பட்ட கட்டடத்துக்கு உரியவை.

சூலியாத் தெரு

பள்ளிவாசலுக்கு அருகில் செல்வது சூலியாத் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்றனர். சோழர் என்னும் சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர். இத்தெருவில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்கா எழுப்பப்பட்டது. கடல்கடந்து சென்றவர், தம் ஊர்ப் பெரியாரின் நினைவையும் உடன்கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவும் இவ்வாறு தோன்றியதே.

தமிழ்த்துறை மாணவர் இங்கே மற்றொன்றையும் நினைவுகூர்தல் தகும். நாகூர்ப் பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பினாங்கில் இருந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். மிளகும் துணியும் விற்ற அந்நகரில் தமிழும் அச்சேறியது. பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகளும் மார்க்கெட் தெருவில் தமிழர் கடைகளும் இருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பயணம் செய்தோரின் கதைகளை நம் ஊர்ப் பெரியோர் இன்றும் கூறுவர். 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பற்றியதோடு அக்கடற்பயணக் காலம் முடிவுற்றது.

தோள்கம்பில் வந்த சோறு

உலாவின் இறுதிப் பகுதி விருந்து. பினாங்கில் அது பெரும்பாலும் நாசி கண்டார் ஆகும். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் கம்பு. கம்பின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புப் பானை. இவ்வாறு காவடி போலச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்குச் சோறு விற்றனர் தமிழ் முஸ்லிம்கள். பின்னர் அக்கம்பு இறங்கி, நிலையான கடைகள் தோன்றின. கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. இவ்வகைக் கடைகளை மலேசியர் மாமாக் கடை என்பர். மாமா என்னும் நம் உறவுமுறைச் சொல்லே அது.

தட்டில் சோறு, அதன்மேல் ஆட்டிறைச்சிக் குழம்பு, மீன் குழம்பு, கோழிக் குழம்பு என ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவர். பக்கத்தில் கணவாய், மீன்சினை, வெண்டைக்காய், அவித்த முட்டை ஆகியவற்றில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். குழம்புகள் கலந்து பிறக்கும் சுவையே இதன் தனிச்சிறப்பு. தமிழகத்து மசாலாவும் மலாய் மண்ணின் சுவையும் அதில் ஒன்றாகின்றன. கடையில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே வரிசையில் நின்று உண்பதையும் காணலாம்.

இவ்விருந்து உலாவின் இணைப்பன்று. அதன் முதன்மையான அத்தியாயம். காரணத்தைச் சற்று விளக்கலாம். கட்டடங்கள் யாரை நினைவூட்டுகின்றன? நிலம் கொடுத்தவரையும் பொருள் கொடுத்தவரையும் நினைவூட்டுகின்றன. பள்ளிவாசல் கப்பித்தானின் பெயரைச் சொல்கின்றது. தேவாலயமோ, அதனைக் கட்டுவதில் உழைத்த இந்தியக் கைதிகளின் பெயர்களைச் சொல்வதில்லை. மூட்டை சுமந்தவர், தோணி வலித்தவர், கம்பு சுமந்தவர், அவர்களுக்காக அம்மியில் மசாலா அரைத்த பெண்டிர் ஆகியோர்க்குக் கல்வெட்டும் இல்லை, குவிமாடமும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்ற நினைவுச்சின்னம் அந்தத் தட்டுச் சோறு ஒன்றே. அதனை உண்ணும்போது வழிகாட்டி அவர்களைப் பற்றிப் பேசினால் அது வரலாறு. பேசாது விட்டால் வெறும் சுவை.

எவர் கூறும் வரலாறு?

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இது பெருமைக்குரியது. எனினும் அதற்கு முன்பே ஒரு மாற்றம் தொடங்கிவிட்டது. பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர்க்குப் பாதுகாப்பாக இருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு செயலிழந்தது. வாடகை உயர்ந்தது. தையற்காரர், தச்சர், சிறுவணிகர் எனப் பலர் வெளியேறினர். அவர்கள் இருந்த இடங்களில் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் தோன்றின. சுவர்கள் புதுப்பொலிவு பெற்றன. சுவருக்குள் வாழ்ந்தோர் குறைந்தனர்.

மாலை நடைச் சுற்றுலாவின் நன்மையும் தீமையும் இங்கே தெளிவாகின்றன. சிறு கடைகளுக்கு வருவாயும் மரபுக்கு மதிப்பும் தருவது அதன் நன்மை. மக்கள் அகன்ற தெருவைக் காட்சிப்பொருளாக்கி, அம்மக்களின் உணவை மட்டும் பரிமாறுவது அதன் தீமை. எது நேரும் என்பது வழிகாட்டியைப் பொறுத்தது. அவர் எங்கே உண்ண அழைத்துச் செல்கின்றார், எவரைப் பேசச் செய்கின்றார், எவருக்குப் பணம் சேர்க்கின்றார் என்பன சிறு வினாக்கள் அல்ல. சூலியர் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து நூலாக்கியவர் பினாங்கு வரலாற்றாளர் கூ சல்மா நசுத்தியோன். அந்நூல் 2014ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நம் முன்னோர் வரலாற்றைப் பிறர் அன்போடு எழுதுகின்றனர். அதனை நம் மொழியில் எடுத்துரைக்கும் கடமை நமக்கு உண்டு.

நிறைவாக

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையை எண்ணிப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் வலியுறுத்துகின்றது. அப்பயணம் பினாங்கில்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை. பினாங்குக்குப் புறப்பட்டவர்களின் ஊர்கள் நம்மிடம் உள்ளன. நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் தெருக்களில் பழம் பள்ளிவாசல்களும் கடல் வணிகர் இல்லங்களும் கந்தூரிச் சோற்றின் மணமும் இன்றும் உண்டு. அவற்றை விளக்கிச் சொல்ல வல்ல முதியோரும் உளர். ஆனால் அவர்கள் என்றும் நம்மோடு இருப்பவர் அல்லர்.

நம் மாணவர் பத்துப் பேர் ஒரு மாலைப் பொழுதில், ஒரு குறிப்பேட்டோடு, தம் ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னே நடக்கவிட்டுப் பின்தொடரட்டும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் யார் வாழ்ந்தார், எந்தக் கப்பலில் எங்கே சென்றார், திரும்பினாரா எனக் கேட்டு எழுதட்டும். மஃரிபு தொழுகைக்குப் பின் அப்பெரியவரின் இல்லத்தில் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். சமைத்தவர் யார், அவருக்கு அச்சமையலைக் கற்றுத் தந்தவர் யார் என்பதையும் மறவாது கேட்கட்டும். கல்வெட்டில் இடம்பெறாத பெயர்கள் அவ்வாறு அந்தக் குறிப்பேட்டிலேனும் இடம்பெறும். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. முன்னோரிடமிருந்து நாம் பெற்றது இவ்வரலாறு. அடுத்து வருவோர்க்கு அதன் வழியைக் காட்டுவது நம் கடன்.