ஒப்புரவு: பலிபீடத்துக்கு முன் தொடங்கும் பாதை

நல்லிணக்கம் என்ற சொல் எமது அரசியல் மேடைகளிற் பல ஆண்டுகளாக ஒலித்து வருகின்றது. அதனோடு நெருங்கிய பொருளுடைய 'ஒப்புரவு' என்ற சொல், தமிழ்க் கிறிஸ்தவர்களின் சமய மொழியில் அவர்களது நம்பிக்கையின் மையத்தையே குறிப்பதாகும். சைவர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அயலவராக வாழும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில், இச்சொல்லின் பொருளை யாவரும் அறிந்துகொள்வது பயனுடையது.

இச்சொல் தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளின் 22ஆவது அதிகாரம் 'ஒப்புரவறிதல்' என்பதாகும். உலகத்தாரோடு இசைந்து, பிறருக்கு உதவி வாழும் பண்பையே வள்ளுவர் அதனாற் குறித்தார். கிறிஸ்தவர்களோ, பிரிந்து போனவர் மீண்டும் உறவாதல் என்ற பொருளில் அதனைக் கையாளுகின்றனர்.

கிறிஸ்தவ சமயத்தின்படி பாவம் என்பது வெறும் விதிமீறல் அன்று. இறைவனோடு மனிதன் கொண்டிருந்த உறவின் முறிவு ஆகும். அவ்வுறவை மனிதன் தன் முயற்சியாற் சீர்செய்ய இயலாது என்பதும், இறைவனே முந்திக்கொண்டு இயேசுவின் சிலுவை மரணத்தின் வாயிலாகவும் உயிர்ப்பின் வாயிலாகவும் அதனைச் சீர்செய்தார் என்பதும் அச்சமயத்தவரின் விசுவாசம். பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடல் இதனையே வலியுறுத்துகின்றது. தந்தையின் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வரும் மகனைத் தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொள்வதாக லூக்கா நற்செய்தி கூறும் உவமையும் இதனையே விளக்குகின்றது.

கத்தோலிக்க திருச்சபையில் இது ஒப்புரவு அருட்சாதனமாக நடைபெறுகின்றது. முன்னர் பாவசங்கீர்த்தனம் எனப்பட்டதும் இதுவே. மனம் வருந்துதல், குருவிடம் அறிக்கையிடுதல், பாவப் பொறுத்தல் பெறுதல், பரிகாரம் செய்தல் என்பன அதன் கூறுகள். 1814ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனைச் சார்ந்தோரும் ஏனைய புரட்டஸ்தாந்து சபையினரும் இறைவனிடம் நேரடியாகப் பாவ அறிக்கை செய்கின்றனர்.

இவ்விடத்தில் ஏனைய சமயங்களின் நிலையையும் நோக்குதல் தகும். ஆணவ மலத்தாற் கட்டுண்ட ஆன்மா திருவருளால் விடுதலை பெறுகின்றது என்பது சைவ சித்தாந்தம். ஒருவரின் பாவச்சுமையை மற்றொருவர் சுமப்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. ஆனால் தௌபா செய்பவர் பாவத்தைக் கைவிடவும், அதற்காக வருந்தவும், மீண்டும் செய்வதில்லையென உறுதிகொள்ளவும் வேண்டும். பிற மனிதரின் உரிமையைப் பறித்திருந்தால் அதனை மீள ஒப்படைக்கவும் வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். காணிக்கை செலுத்த வருபவர் முதலிற் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வரவேண்டும் என்று இயேசு போதித்ததாக மத்தேயு நற்செய்தி கூறுகின்றது. கோட்பாட்டில் வேறுபட்டாலும், மனிதனை விலக்கிவிட்டு இறைவனை அடைய முடியாது என்பதில் இரு சமயங்களும் ஒன்றுபடுகின்றன.

இந்தப் போதனை கடுஞ்சோதனைக்கு உள்ளான இடம் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, இறைவனோடான ஒப்புரவைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. முப்பது பேரளவில் உயிரிழந்தனர். அவர்களிற் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள். ஆயினும், தாக்கியவரையும் அவரை அனுப்பியவர்களையும் மன்னிப்பதாக அச்சபையின் தலைமைப் போதகர் அறிவித்தார். இறைவன் முந்திக்கொண்டு மன்னித்தார் என நம்புபவர் தாமும் முந்திக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்பதே அதன் உட்பொருள்.

ஆனால் மன்னிப்பு வேறு, மறதி வேறு. அறிக்கையும் பரிகாரமும் இன்றி ஒப்புரவு நிறைவு பெறுவதில்லை. இயேசுவைத் தன் இல்லத்தில் வரவேற்ற சக்கேயு என்னும் வரி வசூலிப்பவர், தாம் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தார். முன்னெச்சரிக்கைகள் கிடைத்திருந்தும் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோர் உண்மையையும் நீதியையும் கோருவது பழிவாங்கும் உணர்வாகாது. அது ஒப்புரவின் ஓர் அங்கமே.

அவ்வாறான பரிகாரம் கிட்டாத காயங்களும் இவ்வாவிக்கரையில் உள்ளன. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் குழந்தைகள் உட்படத் தமிழர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். முன்னையது விடுதலைப் புலிகள் மீதும் பின்னையது படையினர் மீதும் சுமத்தப்பட்டது. இரண்டிலும் எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபியர் அடிகளாரும் உடன் சென்ற இளைஞரும் காணாமற் போயினர்.

இக்கொடுமைகளை நினைவுகூரும்போது ஒவ்வொரு சமூகமும் தன் இழப்பை மட்டுமே எண்ணிப் பார்ப்பது எமது வழக்கமாகிவிட்டது. தன் தரப்பினர் பிறருக்கு இழைத்ததை ஒப்புக்கொள்ளும் குரல்கள் அரிதாகவே எழுகின்றன. ஒரு சமூகத்தவர் அனைவரையும் ஒருசிலரின் குற்றத்துக்காக வெறுப்பதும், அக்குற்றமே நடைபெறவில்லை என மறுப்பதும் ஒப்புரவுக்கு ஒருங்கே பகையானவை.

இறைவனோடு ஒப்புரவாதல் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதனை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. ஆனால் அந்நம்பிக்கை கற்பிக்கும் ஒழுங்குமுறை எல்லோருக்கும் பொருந்தும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அயலவரிடம் செல்லுமாறு அது பணிக்கின்றது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் மற்றவரின் துயர நாளை நினைவுகூர்ந்து, உண்மையைப் பேசத் துணிவார்களாயின், வாவிக்கரை மக்களின் ஒப்புரவு அங்கிருந்தே தொடங்கும் என நாம் நம்புகின்றோம்.