மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் பொடி

வைகாசி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்குகிறது. குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவரும் அதே காற்று, மலையைத் தாண்டித் தென்காசி, கடையநல்லூர், சுரண்டை வட்டாரத்துச் சமவெளிக்கு வந்ததும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆனால் காற்று நம் வசதி பார்த்து வீசுவதில்லை. ஊர் விளக்கணைத்துப் படுத்த பிறகும் இறக்கைகள் சுழலும். அந்நேரத்தில் வரும் மின்சாரத்துக்குத் தேவை இல்லாவிட்டால் ஓடுகிற காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள். மறுநாள் மாலை, வெயில் இறங்கி சோலார் தகடுகள் ஓய்ந்து, வீடுதோறும் விளக்கும் மின்விசிறியும் ஓடத் தொடங்கும்போது, இரவில் விட்டுவிட்ட மின்சாரத்தின் அருமை தெரியும்.

மின்சாரம் உண்டாக்குவதில் தென் மாவட்டங்கள் யாருக்கும் சளைத்தவை அல்ல. சேமிப்பதில்தான் சிக்கல். நானோ தொழில்நுட்பம் இன்று மிகப் பெரிய வேலையைச் செய்துகொண்டிருப்பதும் அந்தச் சேமிப்பில்தான்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக வகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் வரும். பொருள்களை இந்த அளவுக்குப் பொடியாக்கினால் பேட்டரிக்கு என்ன லாபம்? லித்தியம் பேட்டரி ஒன்றை சார்ஜ் செய்யும்போது, நேர்முனையில் உள்ள துகள்களிலிருந்து லித்தியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) வெளியேறி எதிர்முனைக்குப் போய்க் குடியேறுகின்றன. மின்சாரத்தைப் பயன்படுத்தும்போது அவை திரும்பி வருகின்றன. துகளின் நடுவில் இருக்கும் அயனி விளிம்புக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். முழு அரிசி ஊற எடுக்கும் நேரத்தில் நொய் எப்போதோ ஊறிவிடுகிறதல்லவா, அதே கணக்குதான். துகளின் குறுக்களவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அயனி வெளியேறும் நேரம் பத்தில் ஒன்றாக அல்ல, நூறில் ஒன்றாகக் குறையும். ஆயிரம் நானோமீட்டர் துகளை நூறு நானோமீட்டராக்கியவருக்கு நூறு மடங்கு வேகம் கைவருகிறது.

இந்தக் கதையில் தமிழர் ஒருவருக்கு முக்கியமான இடம் உண்டு. தமிழ்ப் பள்ளிப் பாடநூல்களில் அவரைப் பற்றி ஒரு பாடமாவது இருக்க வேண்டும். தென் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1951இல் பிறந்த ஆறுமுகம் மந்திரம், மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பேட்டரி ஆய்வாளர் ஜான் குடினஃப்பிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு அவருடனேயே அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அக்காலத்து லித்தியம் பேட்டரி ஆய்வுகள் பெரிதும் கோபால்ட் ஆக்சைடை நம்பியிருந்தன. கோபால்ட் விலை உயர்ந்தது. அந்த ஆக்சைடு சூடேறினால் ஆக்சிஜனை வெளியேற்றும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இரும்பு மலிவு. ஆனால் இரும்பு ஆக்சைடுகளில் மின்னழுத்தம் போதவில்லை. இரும்புடன் சல்பேட் போன்ற தொகுதிகளைச் சேர்த்தால் மின்னழுத்தம் உயர்கிறது என்று 1980களின் பிற்பகுதியில் மந்திரமும் குடினஃப்பும் காட்டினார்கள்.

அந்த வழியிலேயே 1997இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. குடினஃப்பின் ஆய்வகத்தில் அதில் உழைத்தவர்களில் நஞ்சுண்டசாமி, பாதி என்ற பெயருடைய இரு இந்தியர்களும் இருந்தார்கள். மலிவான பொருள், எளிதில் தீப்பிடிக்காதது. இருந்தும் முதலில் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. காரணம், அது மின்சாரத்தைக் கடத்துவதில் மிக மட்டம். துகளில் இருந்த லித்தியத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் வெளியே எடுக்க முடிந்தது, அதுவும் மெல்ல மெல்ல. அங்கேதான் நானோ கைகொடுத்தது. துகளைச் சில பத்து, சில நூறு நானோமீட்டருக்குச் சிறுக்கினார்கள். ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய கரிப் பூச்சு ஒன்றைக் கொடுத்தார்கள். அயனி நடக்கும் தூரம் குறைந்தது, எலெக்ட்ரான் ஓடக் கரியில் பாதை கிடைத்தது. வேதிப்பொருள் மாறவே இல்லை. அளவும் மேற்பூச்சும் மாறின, ஒதுக்கப்பட்ட பொருள் தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

2019இல் குடினஃப்புக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம்.

கடையநல்லூர் கடைவீதியில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போகிறவருக்கு இதனால் என்ன? பெரும்பாலான வீடுகளில் இன்றும் இருப்பது ஈய அமில பேட்டரி. அவ்வப்போது மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், சில நூறு முறை முழுதாக வடிந்து நிரம்பினால் தளர்ந்துவிடும். இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குத் தண்ணீர் வேண்டாம். இரண்டாயிரம் முறைக்கு மேலும் தாங்கும், எடையும் குறைவு. வாங்கும்போது விலை கூடுதலாகத் தெரியும். உழைக்கும் ஆண்டுகளைக் கணக்குப் போட்டால்தான் எது லாபம் என்று புரியும். சித்திரை வெயிலில் காயும் நம் ஊர்களுக்கு, சூட்டைத் தாங்கும் அதன் குணமே முதல் தகுதி என்று சொல்லலாம். கடைக்காரர் "லித்தியம்" என்று மட்டும் சொன்னால், எந்த வகை லித்தியம் என்று கேட்டு வாங்குவது நல்லது.

பொடியாக்குவதில் இழப்பும் உண்டு. துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடுகிறது, வேண்டாத வேதிவினைகளுக்கும் அதிக இடம் கிடைக்கிறது. மிக நுண்ணிய பொடியை நெருக்கமாக அடைக்க முடியாது, செய்முறைச் செலவும் ஏறும். அதனால் நானோ துகள்களைச் சிறுசிறு உருண்டைகளாகத் திரட்டிப் பயன்படுத்துகிறார்கள். எதிர்முனையில் கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் வைத்தால் ஏறக்குறைய பத்து மடங்கு லித்தியம் கொள்ளும். ஆனால் கொள்ளும்போது மூன்று மடங்குக்கு மேல் வீங்கி நொறுங்கிவிடும். 2008இல் ஸ்டான்ஃபோர்டில் யி சுய் குழு சிலிக்கானை நானோ கம்பிகளாக வளர்த்து, வீங்கினாலும் உடையாமல் இருக்கச் செய்தது. இன்றும் பெரும்பாலான பேட்டரிகளில் கிராஃபைட்டுடன் கொஞ்சமாகத்தான் சிலிக்கான் கலக்கிறார்கள்.

தென்னந்தோப்புகள் நிறைந்த தென்காசிப் பக்கத்துக்கு இன்னொரு செய்தி. சிரட்டையைக் கரியாக்கி, நீராவியில் சுட்டுப் பதப்படுத்தினால் அதில் இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகள் கணக்கின்றி உண்டாகின்றன. அப்படிச் செய்த கரி ஒரே ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் 1,000 சதுர மீட்டரைத் தாண்டும், அதாவது 25 சென்ட் நிலம்! இந்தச் சிரட்டைக் கரிதான் சூப்பர் கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கியின் உயிர். வேதிவினையே இல்லாமல் அயனிகள் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டி நின்று மின்சாரத்தைத் தேக்குகின்றன. பேட்டரி அளவுக்குக் கொள்ளாது. ஆனால் நொடிகளில் நிரம்பும், லட்சக்கணக்கான முறை தாங்கும். பக்கத்து மாநிலமான கேரளத்தில் கண்ணூரில் கெல்ட்ரான் நிறுவனம் 2024இல் இஸ்ரோவின் தொழில்நுட்ப உதவியோடு இதற்கு ஓர் ஆலையைத் தொடங்கியது. சிரட்டை அதிகம் கிடைக்கும் தென் தமிழகத்திலும் அப்படி ஒன்று வர என்ன தடை என்று நம் தொழில்துறையினர் யோசிக்க வேண்டும்.

சேமிப்பது இருக்கட்டும், நானோ முறையில் மின்சாரம் உண்டாக்கவும் முடியுமா? முடியும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் சோங் லின் வாங் 2006இல் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளை வளைத்தே மின்சாரம் எடுத்தார். இரு பொருள்கள் உரசும்போது தோன்றும் மின்னூட்டத்தைப் பயன்படுத்தும் கருவியை 2012இல் செய்தார். 2020இல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகக் குழு, 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு துளி நீரில் 140 வோல்ட்டுக்கு மேல் எடுத்து, நூறு சிறு எல்இடி விளக்குகளை மின்ன வைத்தது. செய்தியைப் படித்தவர்களுக்குக் குற்றாலத்து மழை முழுவதும் மின்சாரமாகிவிடும் என்ற ஆசை வந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஒரு சதுர மீட்டர் மாடியில் விழுவது 1,000 லிட்டர் நீர். பெரிய துளிகள் நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும். அந்த ஆற்றலை ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் ஓராண்டுக்குக் கிடைப்பது 11 வாட்-மணி. ஒரு 9 வாட் எல்இடி பல்பு ஒன்றேகால் மணி நேரம் எரியும். அதே ஒரு சதுர மீட்டர் சோலார் தகடு உச்சி வெயிலில் இதை நாலு நிமிடத்துக்குள் தந்துவிடும். 140 வோல்ட் என்பது உண்மை. ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்து போகும் மிகச் சிறிய ஆற்றல்.

வீட்டு மின்சாரத்துக்கு உதவாவிட்டாலும் இதற்கு வேறு பொருத்தமான வேலை இருக்கிறது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. மலைக்கு மேலே மழை கொட்டுவதைக் கீழே குளிப்பவர்களுக்குச் சொல்ல அடர்காட்டில் உணர்கருவிகள் வேண்டும். அங்கே பேட்டரி மாற்ற அடிக்கடி ஆள் ஏற முடியாது. விழும் துளியிலேயே தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சமிக்ஞை அனுப்பும் கருவி அங்கே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

இந்தத் துறையில் தமிழ்நாடு புதிதாகக் கால் வைக்கவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. 1953இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனம் 2018இல் தன் லித்தியம் பேட்டரி தொழில்நுட்பத்தை ராசி சோலார் என்ற நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. ஆனாலும் லித்தியத்தை வெளிநாட்டில் வாங்க வேண்டிய நிலை நீடிக்கிறது. சோடியம் அப்படி அல்ல. தூத்துக்குடி உப்பளங்களில் அம்பாரமாகக் குவிந்திருக்கும் உப்பில் இருப்பதே சோடியம்தான்.

பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பிரேம்குமார் செங்குட்டுவன் தலைமையிலான குழு, ஆறு நிமிடத்தில் 80 சதவீதம் சார்ஜ் ஆகும், 3,000 முறைக்கு மேல் தாங்கும் சோடியம் பேட்டரி ஒன்றை 2025இல் அறிவித்தது. அவர்கள் செய்தவை மூன்று: எதிர்முனைப் பொருளை நானோ அளவுக்குச் சிறுக்கினார்கள், மெல்லிய கரிப் பூச்சு கொடுத்தார்கள், சிறிது அலுமினியம் சேர்த்தார்கள். முதல் இரண்டும் இரும்பு பாஸ்பேட்டைக் காப்பாற்றிய அதே கைப்பக்குவம்.

சோடியம் அயனி லித்தியத்தைவிடப் பருமனானது, எடையும் கூடுதல். கைபேசிக்கு அது இடைஞ்சல். காற்றாலைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு நிறுத்தும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. ஆடி மாதக் காற்றை மார்கழிக்கு வைத்துக்கொள்ள எந்த பேட்டரியும் கட்டுப்படியாகாது. சில மணி நேரச் சேமிப்புதான் அவற்றின் பலம். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. பெரிய அளவுச் சேமிப்புக்கு அதுபோன்றவையும் வேண்டும். நள்ளிரவில் சுரண்டைப் பக்கம் சுழலும் காற்றாலையின் மின்சாரத்தை மறுநாள் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை தென்காசி மாவட்ட வீடுகளுக்குக் கொடுப்பது வரைக்கும் இரும்பு பாஸ்பேட்டால் இன்றே முடியும். உப்பிலிருந்து வரும் சோடியம் அதை எவ்வளவு மலிவாக்கும் என்பது, பெங்களூருவில் ஆய்வக அளவில் செய்து காட்டியதை ஆலை அளவில் டன் கணக்கில் செய்யும்போது தெரியும்.