முதல் சம்பளம் வர்றதுக்குள்ள கார்டைத் தேய்க்காதீங்க: புது லெக்சரருக்கு ஒரு ஜூன் மாச பட்ஜெட்

ஜூன்ல ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல உதவிப் பேராசிரியரா சேரப் போறீங்க, சம்பளம் 28,000 ரூபாய்னு வைச்சுக்குவோம். ஆர்டர் கைக்கு வந்ததுமே மனசு ஜவுளிக்கடைக்கும் புத்தகக்கடைக்கும் ஓடும். ஆனா முதல் சம்பளம் ஜூலைலதான். இந்த இடைவெளிலதான் கிரெடிட் கார்டு உள்ள நுழையுது.

கார்டுல 20,000 ரூபாய்க்கு வாங்கிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டுறீங்கன்னா, மாசம் 3.5 சதவீத வட்டில கிட்டத்தட்ட 700 ரூபாய் போயிடும். ஜிஎஸ்டி தனி. மாசா மாசம் ஒரு சட்டை வாங்கி, போடாமலே தூக்கிப் போடுற மாதிரி!

பாடத்துக்குத் தேவை நேரம், பணம் இல்ல

டைம்டேபிள் கைக்கு வர்ற வரைக்கும் புத்தகம் வாங்காதீங்க. கடைசி நேரத்துல பாடத்தையே மாத்திடுவாங்க. டிபார்ட்மென்ட்ல போன வருஷ கோர்ஸ் ஃபைலைக் கேளுங்க. லெசன் பிளான், பழைய கேள்வித்தாள் எல்லாம் அதுலயே இருக்கும். டெக்ஸ்ட் புக் லைப்ரரில கிடைக்கும். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்துற என்பிடெல் பாடங்களைப் பார்க்கக் காசு வேண்டாம். தேர்வு எழுதினாதான் கட்டணம். அஞ்சு யூனிட்டையும் ஒரே மூச்சுல தயார் பண்ண வேண்டாம். முதல் யூனிட்டை மட்டும் நல்லா முடிச்சுட்டுப் போங்க, போதும்.

துணிக்கு ஒரு கணக்கு

முதல்ல காலேஜ்ல கேளுங்க: புடவை மட்டும்தானா, சுடிதாரும் போடலாமா? ஷூ கட்டாயமா? கோட் அவங்களே கொடுப்பாங்களா? அப்புறம் விலையைப் பார்க்காம, ஒரு தடவை உடுத்த எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க.

- 900 ரூபாய் காட்டன் புடவை, பிளவுஸ் தையல், ஃபால்ஸ் சேர்த்து 1,500. மாசம் ரெண்டு தடவை, 10 மாசம் கட்டினா ஒரு தடவைக்கு 75 ரூபாய்.
- 4,000 ரூபாய் புடவை, தையலோட 5,000. வருஷத்துக்கு நாலு விழாவுக்குத்தான் கட்டுவீங்கன்னா ஒரு தடவைக்கு 1,250 ரூபாய்.

ஆண்களுக்கும் இதே கணக்குதான். ரெண்டு பேன்ட்டும் நாலு சட்டையும் இருந்தா, மாத்தி மாத்திப் போட்டு முதல் மாசத்தை ஓட்டிடலாம். அயர்ன் செலவை மறந்துடாதீங்க: ஒரு உருப்படிக்கு 10 ரூபாய், வாரம் 12 உருப்படின்னா மாசம் 480 ரூபாய் ஆயிடும்.

"பில்லை வைச்சு வரி மிச்சம் பிடிக்கலாமா?"

முடியாது. நாமளா வாங்குற துணிக்கும் புத்தகத்துக்கும் சம்பளக்காரங்களுக்குத் தனிக் கழிவு கிடையாது. புது வரி முறையில பொதுவா 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு, அவ்வளவுதான். 28,000 சம்பளத்துக்கு எப்படியும் வரி வராது.

ரெண்டு தவணையா வாங்குங்க

இப்போ கையில இருக்குற பணத்துக்கு மட்டும் வாங்குங்க. மிச்சத்தை முதல் சம்பளத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு மாசம் வேலைக்குப் போய் வந்தா எது நிஜமாவே தேவைன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். பேங்க், ஐடி, எந்த வேலைல சேர்ந்தாலும் இது பொருந்தும்.

கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பீரோவைத் திறந்து பாருங்க. லிஸ்ட்ல பாதி அங்கேயே இருக்கும்.